திருமண நாளும் பழைய மொய் நோட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பெற்றோரின் 25ஆம் அல்லது 40ஆம் திருமண நாளை வெளியூர்ப் பயணத்தோடு சேர்த்து, அவர்களுக்குத் தெரியாமலே ஏற்பாடு செய்து, இன்ப அதிர்ச்சியாகக் கொண்டாடும் வழக்கம் இப்போது சிற்றூர்கள் வரை வந்துவிட்டது. வழக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பெருந்தொகை வேண்டும் என்றும், தொகை இல்லாதவர்கள் கேக் வெட்டிப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதோடு நின்றுகொள்ள வேண்டியதுதான் என்றும் என்னோடு வேலை பார்க்கும் இளையவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்கும்போது, 2025 செப்டம்பரில் எங்கள் குடும்பம் செய்ததை எழுத வேண்டும் என்று தோன்றியது. வாசகர் கடிதப் பகுதிக்கு இது நீளமான கடிதம் என்பதை அறிவேன். சுருக்கினால் பிறருக்குப் பயன்படக்கூடிய விவரங்கள்தாம் முதலில் வெட்டுப்படும் என்பதால் நீளமாகவே அனுப்புகிறேன்.

எங்கள் தவறிலிருந்து தொடங்குகிறேன். 2023இல் பெற்றோரின் 38ஆம் திருமண நாளை ஒட்டிவந்த சனிக்கிழமையில் அவர்களைக் கொடைக்கானலுக்கு அழைத்துச் சென்றிருந்தோம். தங்கிய விடுதியில் ‘சர்ப்ரைஸ் பேக்கேஜ்’ என்று ஒன்று வைத்திருந்தார்கள். அறை முழுக்கப் பலூன், கட்டிலில் ரோஜா இதழ்களால் இதய வடிவம், துண்டை மடித்துச் செய்த இரண்டு அன்னங்கள், ஒரு கிலோ கேக், நள்ளிரவு 12 மணிக்குக் கதவைத் தட்டி வாழ்த்து. அறை வாடகை போக இதற்கு மட்டும் 6,500 ரூபாய். இரவுச் சாப்பாடு முடிந்து அறைக்குத் திரும்பிய அம்மா, கட்டிலைப் பார்த்ததும் விளக்குமாறு எங்கே இருக்கிறது என்று கேட்டார். பூவின் மேல் படுக்கக் கூடாது என்று இதழ்களை ஒன்றுவிடாமல் கூட்டி அள்ளி ஒரு பையில் போட்டு வைத்தார். ஒன்பதரை மணிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடும் அப்பா, 12 மணிக்குக் கதவு தட்டப்பட்டதும் ஊரில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பதறி எழுந்தார். சனிக்கிழமை விரதம் இருப்பவர் அம்மா என்பதால் முட்டையில்லாத கேக்தான் வேண்டும் என்று இரண்டு முறை சொல்லியிருந்தோம். வந்தது முட்டை போட்ட கேக். எங்கள் மனம் நோகக்கூடாது என்று இருவரும் சிரித்தபடி நின்றார்கள். அன்று எடுத்த படங்களை இப்போது பார்த்தாலும் அந்தச் சிரிப்பு எங்களுக்காகச் சிரித்த சிரிப்பு என்று தெரிகிறது.

ஊர் திரும்பும் வழியில் என் தம்பி கேட்ட கேள்விதான் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு எங்களை யோசிக்க வைத்தது. அந்த அறையில் அப்பா அம்மாவுக்குப் பதிலாக வேறு எந்தத் தம்பதியை நிற்க வைத்திருந்தாலும் எல்லாம் அப்படியேதானே இருந்திருக்கும் என்று கேட்டான்.

40ஆம் திருமண நாள் நெருங்கியபோது உறவினர் பலரும் திருக்கடையூரைச் சொன்னார்கள். இதில் ஒரு குழப்பம் பரவலாக இருக்கிறது. திருக்கடையூரில் நடப்பவை வயதை ஒட்டிய சாந்திகள். கணவருக்கு 60 வயது நிறைவதை ஒட்டிச் சஷ்டியப்த பூர்த்தி, 70ஐ ஒட்டிப் பீமரத சாந்தி, 80ஐ ஒட்டிச் சதாபிஷேகம் என்று அவற்றுக்குக் கணக்கு இருக்கிறது. திருமணமாகி எத்தனை ஆண்டு என்பது அந்தக் கணக்கில் வராது. அப்பாவுக்கு வயது 66. எந்தக் கணக்கிலும் சேராத வயதில் அங்கே போய் ஹோமத்துக்கும் பந்திக்கும் பணத்தைக் கொட்டுவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

நாங்கள் தேர்ந்தெடுத்தது ராமேஸ்வரம். இதைச் சொன்னதும் பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். தர்ப்பணத்துக்கும் அஸ்தி கரைப்பதற்கும் போகிற ஊருக்கு யாராவது கல்யாண நாளுக்குப் போவார்களா என்பது அவர்கள் கேள்வி. ஆனால் என் பெற்றோருக்கு 1985 செப்டம்பர் 4ஆம் தேதி திருமங்கலத்தில் திருமணம் முடிந்த ஆறாம் நாள், தாத்தா அவர்களை அழைத்துக்கொண்டு போனது ராமேஸ்வரத்துக்குத்தான். தேனிலவு என்ற சொல்லே அந்த வீட்டில் யார் வாயிலும் வந்திராத காலம். புதுமணத் தம்பதியோடு எட்டு உறவினர்கள் கூடப் போயிருக்கிறார்கள். தீவுக்குச் சாலைப் பாலம் 1988இல்தான் திறக்கப்பட்டது என்பதால், 1914 முதல் கடல்மேல் நின்ற பழைய பாம்பன் பாலத்தில் மீட்டர் கேஜ் ரயில் ஊர்ந்து போனதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்தப் பாலத்தின் நடுவில் கூட்டத்தோடு கூட்டமாக ஒரு நாலணாவைக் கடலில் போட்டதை அம்மா இன்றும் சொல்வார். அதற்குப் பிறகு அப்பா ராமேஸ்வரம் போனதெல்லாம் காரியங்களுக்குத்தான். இருவரும் சேர்ந்து மறுபடி ஒருமுறைகூடப் போனதில்லை. பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டு, புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறக்கப்பட்டபோது, தொலைக்காட்சிக்கு முன்னால் இருவரும் நெடுநேரம் உட்கார்ந்திருந்ததை என் தங்கை பார்த்துவிட்டு எனக்குத் தொலைபேசியில் சொன்னாள். ஊர் அன்றே முடிவாகிவிட்டது.

இதையே வீட்டில் கொண்டாடினால் என்ன என்று கேட்கலாம். வீட்டில் கொண்டாடினால் அம்மா அடுக்களையில் இருப்பார். வருகிறவர்களுக்கு இட்லிக்கு மாவு போதுமா, காபிக்குப் பால் இருக்கிறதா என்பதிலேயே அவருடைய திருமண நாள் கழிந்துவிடும். நாற்பது ஆண்டுகளாக அப்படித்தான் கழிந்திருக்கிறது. வெளியூர் போவதன் பெரிய பயன் அம்மாவின் கையில் கரண்டி இருக்காது என்பதுதான்.

இனி, எங்கள் ஏற்பாட்டின் மையமான பொருளைச் சொல்கிறேன். அது எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்த 1985ஆம் ஆண்டு மொய் நோட்டு. தென் மாவட்டத்து வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு வந்தவர் யார், எந்த ஊர், எத்தனை ரூபாய் எழுதினார் என்று ஊர்வாரியாகப் பதிந்து, பின்னால் அவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்வதற்காகப் பத்திரமாக வைத்திருக்கும் கணக்கு அது. எங்கள் நோட்டில் 46 பக்கம், 312 பெயர்கள். 5 ரூபாயும் 11 ரூபாயும்தான் பெரும்பாலும். 51 ரூபாய் எழுதியவர்களின் பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டிருக்கிறது. கடைசி இரண்டு பக்கங்களில் எவர்சில்வர் குடம், டிபன் கேரியர், சுவர்க் கடிகாரம் என்று பொருள்களின் வரிசை. ஒரு கல்யாணத்தின் ஆல்பத்தில் மேடைக்கு வந்தவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். மொய் நோட்டில் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் பேருந்துக்கு ஓடியவர்கள்கூட இருக்கிறார்கள்.

அப்பா பெட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டி வைத்திருப்பவர் அல்லர் என்றாலும், அந்த நோட்டை யாரும் தொட்டால் தெரிந்துகொள்ளக்கூடியவர். அடுத்த தெருவில் இருக்கும் அத்தை, அப்பாவின் அக்கா, எங்கள் பக்கம் சேர்ந்தார். அப்பா ஓய்வூதிய வேலையாக வங்கிக்குப் போன ஒரு முற்பகலில், அம்மாவை அத்தை கோயிலுக்கு அழைத்துப் போய்விட, நான் 46 பக்கங்களையும் கைப்பேசியில் படம் எடுத்துவிட்டு நோட்டை இருந்தபடியே வைத்தேன். பின்னர் அத்தையோடு உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தோம். காலமானவர்கள், ஊரை விட்டுப் போனவர்கள், பிள்ளைகள் மட்டும் இருப்பவர்கள் என்று அத்தை நினைவிலிருந்து சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன். மூன்று வாரத்தில் 41 பேரின் தொலைபேசி எண்கள் கிடைத்தன. ஒவ்வொருவரிடமும் நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கல்யாண நாளில் நினைவிருக்கும் ஏதாவது ஒன்றை ஒரு நிமிடத்துக்குள் பேசி வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப் தெரியாதவர்களுக்கு அவர்களுடைய பேரப்பிள்ளைகள் உதவினார்கள். 19 பேர் அனுப்பினார்கள். அவர்களில் ஒருவர் சந்தேகப்பட்டு அப்பாவுக்கே தொலைபேசி செய்து, “எதற்குப்பா இதெல்லாம் கேட்கிறார்கள்?” என்று விசாரிக்க, பேரனின் பள்ளிப் பாடத்துக்காக என்று அத்தை கூசாமல் ஒரு பொய் சொல்லிச் சமாளித்தார்.

இதில் ஒரு குறை இருந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். மொய் நோட்டு மாப்பிள்ளை வீட்டுடையது. அம்மா வீட்டு நோட்டு எப்போதோ கரையான் அரித்துப் போய்விட்டது. அப்பாவின் உறவுகளும் நண்பர்களும் பேசும்போது அம்மா ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்படி ஆகிவிடக் கூடாது என்று என் தங்கை வற்புறுத்தினாள். ஆகவே அம்மாவோடு தையல் வகுப்பில் படித்த தோழி ஒருவரை விருதுநகரில் தேடிப் பிடித்தோம். இன்னொன்று பாயசம். கல்யாணப் பந்தியில் பருப்புப் பாயசம் தீர்ந்துபோய்ப் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் கிடைக்கவில்லை என்பதை அம்மா நாற்பது ஆண்டுகளாக ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் சொல்லி வருகிறார். ராமேஸ்வரத்தில் நாங்கள் தங்கிய விடுதிக்குப் பக்கத்தில் மெஸ் நடத்தும் அம்மாளிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாயசத்துக்கு ஏற்பாடு செய்தோம்.

செலவைப் பற்றிச் சொல்கிறேன். பெற்றோர், நாங்கள் மூன்று பிள்ளைகள், எங்கள் துணைகள், பேரப்பிள்ளைகள் நால்வர் என்று மொத்தம் 12 பேர். இரண்டு இரவுக்கு நான்கு அறைகள், அறைக்கு நாளொன்றுக்கு 1,400 வீதம் 11,200 ரூபாய். மதுரையிலிருந்து போகவர முன்பதிவில்லா ரயில் பயணமும் உள்ளூர் ஆட்டோவும் 2,000. தனுஷ்கோடிக்கு வேன் 3,500. சாப்பாடு 9,000. இன்ப அதிர்ச்சிக்கென்று தனியாக ஆனது 2,140 ரூபாய்தான். அதில் மொய் நோட்டின் படங்களை அச்சிட்டுப் பைண்டிங் செய்ய 260, மாலைகளுக்கும் பூவுக்கும் 900, பனை ஓலைப் பெட்டி ஒன்றுக்கு 180, பாயசத்துக்கு 800. ஆக மொத்தம் 27,840 ரூபாய், குடும்பத்துக்கு 9,280. ஓசூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் மதுரைக்கு வந்த செலவு தம்பிக்கும் தங்கைக்கும் தனி. ஓராண்டுக்கு முன்பே மூவரும் மாதம் 800 ரூபாய் வீதம் என் கணக்கில் போட்டு வந்ததால் 28,800 சேர்ந்திருந்தது. யாரும் கடன் வாங்கவில்லை, யாருடைய கிரெடிட் கார்டும் தேயவில்லை. மிச்சம் 960 ரூபாய் இருப்பதை அம்மா எப்படியோ கண்டுபிடித்து வாங்கிக்கொண்டார்.

அறை வாடகை இந்த அளவில் நின்றதற்குத் தேதிதான் காரணம். ஆடி, தை, மகாளய அமாவாசைகளை ஒட்டி ராமேஸ்வரத்தில் அறை கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் வாடகை கையைக் கடிக்கும். செப்டம்பர் 5ஆம் தேதி வெள்ளிக்கிழமை மீலாது நபி விடுமுறை; மகாளய பட்சம் தொடங்க இன்னும் இரண்டு மூன்று நாள்கள் இருந்தன. இரண்டு மாதத்துக்கு முன்பே இடைத்தரகர் யாருமின்றி விடுதிக்கு நேரடியாகத் தொலைபேசி செய்து பேசினேன். நான்கு அறைகளையும் ஒரே மாடியில் தரவும், ஒரு மாலை மட்டும் மொட்டை மாடியைப் பயன்படுத்திக்கொள்ளவும் உரிமையாளர் கட்டணம் இல்லாமல் இசைந்தார். பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளையும் அவரே போட்டுத் தந்தார். ‘ஈவென்ட்’, ‘பார்ட்டி’ போன்ற சொற்களை நான் வாயில் எடுக்கவே இல்லை. அப்பா அம்மாவுக்குக் கல்யாண நாள், குடும்பமாக உட்கார்ந்து பேச இடம் வேண்டும் என்று மட்டும் சொன்னேன். வாடகையும் கட்டணமும் பாதி நேரம் நாம் பயன்படுத்தும் சொல்லைப் பொறுத்தே ஏறுகின்றன என்பது என் அனுபவம்.

பெற்றோருக்குச் சந்தேகம் வராமல் இருக்க நாங்கள் செய்தது மிக எளிது. பயணத்தை மறைக்கவில்லை. விடுமுறைக்குப் பிள்ளைகள் புதுப் பாலம் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று வெளிப்படையாகவே சொன்னோம். வயதானவர்களிடம் போகும் ஊரையே மறைத்தால், எத்தனை மாத்திரை எடுத்துவைப்பது, கோயிலுக்கு என்ன உடுத்துவது என்று தெரியாமல் தவித்துவிடுவார்கள். திருமண நாள் வியாழக்கிழமை வந்தது. அன்று வழக்கம்போலத் தொலைபேசியில் வாழ்த்திவிட்டு விட்டுவிட்டோம். கொண்டாட்டம் முடிந்துவிட்டது என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை பாம்பனில் ரயில் கடல்மேல் ஏறியபோது அப்பா சன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் நின்றிருந்த பழைய பாலத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். அந்தக் காலத்தில் இந்தத் தொலைவைக் கடப்பதற்குள் ஒரு வெற்றிலை போட்டு முடித்துவிடலாம் என்றார். அம்மா கைப்பையில் நாணயம் தேடி எடுப்பதற்குள் ரயில் கரையேறிவிட்டது. திரும்பி வரும்போது போடலாம் என்று வைத்துக்கொண்டார். மாலையில் பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனோம். ஞாயிறு இரவு சந்திர கிரகணம் இருந்ததால் கோயில் நடை முன்கூட்டியே சாத்தப்படும் என்று கேள்விப்பட்டு, சாமி தரிசனத்தைச் சனிக்கிழமை காலையிலேயே முடித்துக்கொண்டோம். 22 தீர்த்தங்களிலும் நீராட வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. ஈரத் தரையில் அப்பாவின் முழங்காலை நினைத்து அவரை மூன்றாம் பிரகாரத்தில் ஒரு தூணோரம் உட்கார வைத்துவிட்டு, அம்மாவோடு நானும் தங்கையும் மட்டும் போனோம்.

பிற்பகலில் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் அழிந்த அந்த ஊரை அம்மா அதுவரை பார்த்ததே இல்லை. 1985இல் அங்கே போகச் சாலை கிடையாது. அரிச்சல்முனை வரை சாலை வந்தது 2017இல்தான். மணலில் போகிற வண்டியில் போய்வரலாமா என்று புதுப்பெண் கேட்டதற்கு, கடல் கொண்ட ஊருக்கு மாலை வாடாத தம்பதி போகக் கூடாது என்று தாத்தா மறுத்துவிட்டாராம். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு இடிந்த தேவாலயச் சுவரின் முன் நின்று, “உங்கள் தாத்தா சொன்னது சரிதான், அப்போது பார்த்திருந்தால் பயந்திருப்பேன்” என்றார் அம்மா.

அன்று மாலை ஆறரை மணிக்கு மொட்டை மாடியில் கூடினோம். நேரத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுத்திருந்தோம். மாத்திரைக்கும் தூக்கத்துக்கும் முன்னால், அதே சமயம் வெயில் முழுதும் தாழ்ந்த பிறகு. மறுநாள் பௌர்ணமி என்பதால் நிலா கிழக்கே கடலுக்கு மேல் ஏறத் தொடங்கியிருந்தது. கோயில் வாசல் பூக்கடையில் முந்தைய நாளே சொல்லி வைத்திருந்த மாலைகளைப் பேரப்பிள்ளைகள் கொண்டுவந்து கொடுத்தபோது, இதுதான் ஏற்பாடு என்று இருவரும் நினைத்துக்கொண்டு கூச்சத்தோடு மாற்றிக்கொண்டார்கள். பிறகு தம்பி பனை ஓலைப் பெட்டியைத் திறந்து, பைண்டிங் செய்த நோட்டை அப்பாவின் மடியில் வைத்தான்.

முதல் பக்கத்தைப் பார்த்ததும் அப்பாவின் முதல் கேள்வி, “பெட்டியை யார் திறந்தது?” என்பதுதான். அதற்குப் பிறகு அவர் எங்களை மறந்துவிட்டார். ஒவ்வொரு ஊராக நான் படிக்க, அந்த ஊர்க்காரர் யாராவது பேசி அனுப்பியிருந்தால் தம்பி கைப்பேசியில் அதை ஒலிக்க விட்டான். 84 வயது மூதாட்டி ஒருவர், அன்று மணவறையில் மாப்பிள்ளைக்கு வேட்டி தடுக்கியதைச் சொல்லிச் சிரித்தார். விருதுநகர்த் தோழியின் குரல் வந்தபோது அம்மா கைப்பேசியை வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டார். என்ன பேசினார் என்று எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் பதிவைத் திரும்பக் கேட்கவில்லை. நோட்டிலுள்ள பலரும் இன்று இல்லை. அவர்களுடைய பெயர்களை விட்டுவிடலாமா என்று முன்பே தயங்கியிருந்தோம். அத்தைதான் விடக்கூடாது என்றார். அந்தப் பெயர்கள் வந்தபோது அப்பா ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போகச் சொன்னார்.

ஒரு பெயரை மட்டும் நானாக விட்டுவிட்டுப் படித்தேன். அப்பாவின் மாமா மகன் அவர். வரப்புத் தகராறில் இருபது ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லை. “கள்ளிக்குடியில் ஒரு பெயரை விட்டுவிட்டாய்” என்று அம்மா உடனே சொல்லிவிட்டார். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்த வரியைத் தாமே படித்தார்: 21 ரூபாயும் ஒரு ஜமுக்காளமும். “அந்த ஜமுக்காளத்தில்தான் நீங்கள் மூன்று பேரும் தவழ்ந்தீர்கள்” என்று மட்டும் சொன்னார். இத்தகைய ஏற்பாட்டைச் செய்ய நினைப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது, பெற்றோரின் நினைவில் எதை விடலாம் எதை வைக்கலாம் என்று பிள்ளைகள் தீர்மானிக்க முனைய வேண்டாம் என்பதுதான். நான் முனைந்தேன், பிடிபட்டேன்.

இன்னொரு குரல், அப்பாவோடு கூட்டுறவுப் பண்டகசாலையில் சேர்ந்து வேலை பார்த்த நண்பருடையது. கல்யாணத்தன்று தன்னிடம் 2 ரூபாய்தான் இருந்தது, அதைக் கொடுத்துவிட்டு வெட்கப்பட்டுப் பந்தியில் உட்காராமலே போய்விட்டேன், இத்தனை ஆண்டாக இதை யாரிடமும் சொன்னதில்லை என்று அவர் பேசியிருந்தார். நோட்டில் அவர் பெயருக்கு எதிரே 11 ரூபாய் என்று இருக்கிறது. இது எப்படி என்று நாங்கள் அப்பாவைக் கேட்டோம். அன்றைக்கு மொய் எழுதியவருக்குக் கண் சரியாகத் தெரியாது என்று சொல்லிவிட்டு, அப்பா கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பாயசம் கடைசியாக வந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் அரை டம்ளர் மட்டும் கொடுத்தோம். அம்மா இரண்டு டம்ளர் குடித்தார்.

இந்தப் பயணத்தை ஒட்டி அரசின் பார்வைக்குக் கொண்டுவர வேண்டியது ஒன்று இருக்கிறது. ரயிலில் 60 வயது நிறைந்த ஆண்களுக்கு 40 விழுக்காடும் 58 வயது நிறைந்த பெண்களுக்கு 50 விழுக்காடும் இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. நாங்கள் பயணம் போன நாள் வரை திரும்ப வரவில்லை. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போன எங்களுக்கு இதனால் பெரிய இழப்பில்லை. ஆனால் பெற்றோரைக் காசிக்கோ திருப்பதிக்கோ அழைத்துப்போக மாதம் சில நூறு ரூபாய் சேர்க்கும் குடும்பங்களுக்கு, அந்தச் சலுகை இருந்தால் பயணம் ஓராண்டு முன்னதாகவே கைகூடும். 2024 நவம்பர் முதல் முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டதால், வெவ்வேறு ஊர்களில் இருக்கும் உடன்பிறந்தவர்கள் விடுப்பையும் பயணச்சீட்டையும் ஒத்துப்போகச் செய்வதற்கான அவகாசமும் சுருங்கிவிட்டது. மூத்த குடிமக்கள் சலுகையைக் குறைந்தபட்சம் படுக்கை வசதி கொண்ட சாதாரண வகுப்புக்காவது திரும்பத் தர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வலியுறுத்த வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது அம்மா நாணயத்தைக் கையிலேயே வைத்திருந்து, பாலத்தின் மேல் ஒருவழியாகப் போட்டுவிட்டார். அப்பா அந்தப் பக்கம் திரும்பவில்லை. நோட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு என்னிடம் பேனா கேட்டார். நாற்பது ஆண்டில் திருப்பிச் செய்யாமல் விட்டுப்போன மொய் இரண்டு இருப்பதாகவும், அவற்றில் ஒன்று கள்ளிக்குடி என்றும் சொல்லி, இரண்டு பெயர்களுக்கும் ஓரத்தில் குறி போட்டார். கள்ளிக்குடிக்காரர் வீட்டில் தை மாதம் பேத்திக்குச் சடங்கு வருகிறது என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
மதுரை.